நெல்சன் ஏ/எல்

"நெல்சன்னா நீங்க கிறிஸ்டியனா?" ரவாங்கில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. இல்லை. முனீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திய நெல்சன் நான். எங்கள் தாமானிலேயே இன்னும் ரெண்டு நெல்சன்கள் இருந்தார்கள். பின் தெருவில் ஒரு லிங்கன் அண்ணனும் உண்டு.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு வைப்பதற்கென்று பிறந்த பெயர்கள் இல்லை. இங்கிலாந்தின் குடும்பப் பெயர்கள். நெல்சன் என்றால் 'நெல்' என்பவரின் மகன். அந்த 'நெல்', நீல் என்ற ஆண் பெயரின் இன்னொரு வடிவம். வில்சன், ஜான்சன், ஜாக்சன் எல்லாம் அதே அச்சில் வார்த்தவை. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் ஹொரேஷியோ நெல்சன் வென்று, அங்கேயே உயிர்விட்டார். அதன்பிறகு அவர் நினைவாக அதை முதற்பெயராக வைப்பது பரவியது. மிஷன் பள்ளிகளும் தேவாலயங்களும் இப்படிப்பட்ட பெயர்களைக் கடல்கடந்து கொண்டுபோயின. நெல்லை, குமரிப் பக்கம் நெல்சன் இன்று சாதாரணப் பெயர். 'ஜெயிலர்' வந்த பிறகு எங்களுக்கும் இயக்குநர் பெயர்தான்.

என் அப்பாவுக்கு அந்தத் தளபதியைத் தெரியாது. 1990 பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா விடுதலையானார். அந்த மாதக் கடைசியில் நான் பிறந்தேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா பேப்பரில் படத்தைப் பார்த்து முடிவு பண்ணிவிட்டார். "27 வருஷம் உள்ள வச்சும் வளையாத மனுசன்டா" என்பார்.

மண்டேலாவுக்கே அது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வீட்டில் வைத்தது ரோலிஹ்லாஹ்லா. மரக்கிளையை இழுப்பவன் என்று பொருள், பேச்சுவழக்கில் வம்புக்காரன். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள், ஆசிரியை ஒருவர் நெல்சன் என்று கூப்பிட்டார். அப்போது பள்ளியில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் கொடுப்பது வழக்கம். பேரரசுக்காகச் சண்டை போட்டவரால் பரவிய பெயர், வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பெயர், ஏ/எல், அப்பா பெயர், அவ்வளவுதான். ஏ/எல் என்பது 'அனாக் லெலாக்கி', மலாயில் மகன். நெல்சனில் உள்ள 'சன்' என்பதும் மகன்தான். ஆக என் ஐசியில் ரெண்டு மகன் இருக்கிறான்: முன்பின் தெரியாத நெல்லுக்கு ஒருவன், லோரிக்காரருக்கு ஒருவன்.

அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். இங்கே ஒரு பெயருக்கு ரெண்டு தலைமுறைதான் ஆயுள். போன வருஷம் எனக்கு மகன் பிறந்தான். கதிர் என்று வைத்தோம். "நெல்லுக்குக் கதிர் பொருத்தந்தான்" என்றார் அம்மா. கதிர் ஏ/எல் நெல்சன். அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. பேரனின் பெயரில் தாத்தாவுக்கு இடமில்லை. ஆனால் அவர் பேப்பரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பெயர் அதில் இருக்கிறது. நாளைக்கு யாராவது அவனிடம் "உங்க அப்பா கிறிஸ்டியனா?" என்று கேட்பார்கள். அப்போது தாத்தாவைப் பற்றித்தான் அவன் சொல்ல வேண்டியிருக்கும்.