ஏட்டில் ஏறாத பெருமை

திரிங்காப்பில் மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால், திடலில் பந்து கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய ஒரு மாலையில், பள்ளியின் காற்பந்து அணியில் இடம் பெறாத மாணவன் ஒருவன், "ஐயா, என்னிடம் என்ன குறை?" என்று கேட்டான். அணியைத் தேர்ந்தெடுத்தவன் நானே. விடை கூற நா எழவில்லை.

அன்றிரவு, தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் வி. வி. குமாரை எண்ணிப் பார்த்தேன். 1961இல் தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய அவர், முதல் இன்னிங்சிலேயே 64 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்துக்கு எதிராக இன்னுமோர் ஆட்டம். அத்துடன் டெஸ்ட் வாயில் அடைபட்டது. ஆயினும் அவர் பந்துவீச்சைக் கைவிட்டாரல்லர். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்தியவை 599 விக்கெட்டுகள். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 418. டெஸ்ட் ஏட்டை மட்டும் புரட்டுவோர்க்கு அவர் இரண்டே ஆட்டங்கள் ஆடியவர்.

தேர்ந்தெடுப்போரின் பார்வை சிறுத்தால், ஆடுவோரின் பெயரும் சிறுத்துவிடுகின்றது. மறுநாள் அம்மாணவனை அழைத்து, "குறை என் பார்வையில்தான் தம்பி" என்றேன். அவன் ஒன்றும் கூறாமல் பந்தை எடுத்துக்கொண்டு திடலை நோக்கி நடந்தான். பனி இறங்குமுன், இம்முறை, நானும் உடன் சென்றேன்.