யார் வீட்டுச் செலவு?

எங்கம்மா நகராட்சியில் குப்பை அள்ளுகிறவர். ஒப்பந்தக் கூலி. அப்பா கட்டட வேலை. 2020 மார்ச் 24 ராத்திரி நாட்டையே மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. அம்மாவுக்கோ லீவே இல்லை. பஸ் ஓடாததால் விடியக்காலை நாலு மணிக்கே எழுந்து நடந்து போச்சு.

வந்தது கொரோனா. ஆனால் மூடுகிற யோசனை பெரும்பாலும் இன்ஃபுளுயன்சாவுக்குப் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது. 1918இல் பிலடெல்பியாவில் காய்ச்சல் பரவத் தொடங்கிய பிறகும் யுத்தக் கடன் ஊர்வலத்தை நடத்தினார்கள். பிணம் புதைக்க ஆள் கிடைக்கவில்லை. செயின்ட் லூயிஸில் நோய் தெரிந்த சில நாட்களிலேயே பள்ளிக்கூடம், தியேட்டர், சர்ச் எல்லாவற்றையும் மூடினார்கள். அங்கே உச்சக்கட்டத்துச் சாவு விகிதம் பிலடெல்பியாவில் எட்டில் ஒரு பங்குதான். சீக்கிரம் மூடியதில் பலன் இருந்தது என்று 2007இல் வந்த ஆய்வுகள் சொல்லின. நான் அதை மறுக்கவில்லை.

அதே 1918இல் பம்பாய் நகரத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8 பேர் செத்தார்கள். சாதி இந்துக்கள் 19 பேர். கீழ்சாதி என்று சர்க்கார் எழுதி வைத்த நம் சனம் 61 பேருக்கும் மேல். ஒரே ஊர், ஒரே காய்ச்சல். கிருமிக்குச் சாதி தெரியாதுதான். ஒத்த அறையில் நெருக்கியடித்துப் படுப்பது யார், கஞ்சி ஊத்த ஆளில்லாமல் கிடப்பது யார் என்பதைச் சாதிதானே முடிவு பண்ணியது?

மூடினால் இவ்வளவு நட்டம், மூடாவிட்டால் இவ்வளவு சாவு என்று நாட்டுக்கு மொத்தமாகக் கூட்டிப் போடுகிறார்கள். எங்க வீட்டுக்கு ரெண்டு செலவும் சேர்ந்தே வந்தது. மூடியதற்கு அப்பா கூலியைக் கொடுத்தார். மூடாத வேலைக்கு அம்மா உடம்பைக் கொடுத்தது. ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக் குப்பையை அள்ளக் கொடுத்தது ஒரு துணி மாஸ்க், கிழிஞ்ச கையுறை.

மேலத் தெருவில் தண்ணி கேட்டப்போ தள்ளி நின்னு ஊத்தினாங்களாம். சமூக இடைவெளியாம். "இது என்னடா புதுசு? எங்க ஆத்தா காலத்துலயே இப்படித்தான ஊத்துனாங்க" என்று சிரிச்சுச்சு.

ஜூன் மாசம் அதுக்கும் காய்ச்சல் வந்தது. பதினாலு நாள் படுத்துக் கிடந்தது. பதினைஞ்சாம் நாள் போனப்போ மேஸ்திரி பதினாலு நாள் கூலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கைநாட்டு வாங்கினார்.