பிஸ்கட்டில் நிற்காத கிளேஸ்

விருத்தாசலம் செராமிக் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கை பழகுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். மோல்டில் ஸ்லிப் என்கிற மண்குழம்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், ஃபியூஸ் அழுத்துகிற டையில் எண்ணெய் எவ்வளவு தடவ வேண்டும் என்பதெல்லாம் ஒரு வருஷத்தில் தானே கைக்கு வந்துவிடும். கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எனக்குப் பட்டது சூளைப் பலகையைச் சுத்தம் செய்கையில். வழிந்து ஒட்டிய கிளேஸ் கண்ணாடிதானே. உளி வைத்துத் தட்டினால் சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கருவிழியில் கீறல். காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் மாதக்கணக்கில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். சாயங்காலமானால் எரிச்சல். காற்றுப் பட்டால் பொலபொலவென்று தண்ணீர். இப்படிக் கொட்டுகிற கண்ணைப் போய் வறண்ட கண் என்கிறாரே என்று அவர் மேல் எனக்குச் சந்தேகம்கூட வந்தது.

கிளேஸ் முக்குகிறவனுக்கு இது விளங்கக்கூடிய சங்கதிதான். பிஸ்கட், அதாவது ஒரு தரம் சுட்ட பாண்டத்தின் மேல் தூசியோ விரல் எண்ணெயோ இருந்தால், முக்கும்போது கிளேஸ் பிடித்த மாதிரியே இருக்கும். சூட்டில் சுருங்கித் திட்டுத் திட்டாக ஒதுங்கிவிடும், நடுவில் அடிமண் வெறுமனே தெரியும். கண்ணீர்ப் படலமும் அப்படியே. அடியில் கருவிழியோடு ஒட்டவைக்கும் சளி, நடுவில் நீர், மேலே இமை ஓரச் சுரப்பிகள் விடுகிற எண்ணெய். தழும்பு மேடுபள்ளமாக இருந்தால் படலம் அந்த இடத்தில் நிற்காது. மஞ்சள் சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இமைத்த பிறகு பத்து விநாடிக்குள் படலம் உடைந்தால் கோளாறு. கீழிமையில் தாள் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்றும் பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் நீர் ரொம்பக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. கருவிழியில் நரம்பு நெருக்கமாக ஓடுகிறது. அது அறுபட்டால் நீர் சுரக்கவும் இமைக்கவும் சொல்கிற சேதி சரியாகப் போய்ச் சேராது. உறுத்தல் தாங்காமல் திடீரென்று பொங்குவது அவசரத் தண்ணீர், நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடும்.

எங்கள் மேஸ்திரி முக்குகிற அழகைச் சொல்ல வேண்டும். கோப்பையை இரண்டு விரலில் பிடித்துத் தொட்டியில் இறக்கித் தூக்குவார். மணிக்கட்டை ஒரு சுழற்று. கடைசிச் சொட்டு தொட்டிக்குள்ளேயே விழும், விளிம்பில் கண்ணீர்க் கோடு வராது. பலகை நிறைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பழமலைநாதரைக் கும்பிடுகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் கேட்டதற்கு, “முறைச்சுப் பார்த்தா கண்ணு காஞ்சுடும்டா” என்றார், அவ்வளவுதான். சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைக்கிற கண், உற்றுப் பார்க்கும் வேலையில் பாதிக்கும் கீழே போய்விடும். அவர் எதையும் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. இப்போது நானும் பலகைக்கு ஒரு தரம் இமையை முழுசாக மூடித் திறக்கிறேன். அரைகுறையாக இமைத்தால் கீழ்ப்பாதி நனையாது.

காய்ந்த பாண்டத்தின் விளிம்பைச் சீவுகிற ஃபெட்லிங் வேலை செய்யும் அக்கா ஒருவருக்குக் காய்ந்த மண் தூள் கண்ணில் விழுந்தது. பக்கத்திலிருந்தவர் நாக்கால் எடுக்க வந்துவிட்டார். கிராமத்துக் கைவைத்தியம், தாய்ப்பால் விடுவது போல. இரண்டும் வேண்டாம் தம்பி. மண்ணில் குவார்ட்ஸ் இருக்கிறது, தேய்த்தால் கருவிழி கீறும். நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். குத்திக்கொண்டு நிற்பது எதுவானாலும் தொடாமல் டாக்டரிடம் போக வேண்டும். புதுச்சேரிப் பக்கம் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது. மருந்துக் கடையில் சிவப்பு போகவென்று கேட்டு வாங்குகிற சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம்; கேட்பாரில்லாமல் விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

காலையில் கண் திறக்கும்போது சுரீரென்று குத்தினால் அசட்டை வேண்டாம். ராத்திரியில் இமை ஒட்டி, ஆறின தோலைத் திறக்கும்போது பிய்த்துவிடுகிறது. அதற்குத்தான் படுக்கும்போது போடுகிற ஆயின்ட்மென்ட். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்காதீர்கள். மே மாதத்தில், அதுவும் சூளைக்குப் பக்கத்தில், இது சிரமம்தான். சூளைப் பலகைக்கு அலுமினாவும் சைனா கிளேயும் கலந்த வாஷை ஒழுங்காகப் பூசினால் உளிக்கு வேலை குறையும். அப்படியும் தட்ட வேண்டி வந்தால் பக்கம் மூடிய கண்ணாடி போட்டே ஆக வேண்டும். வேர்வையில் மங்குகிறது என்று நெற்றிக்கு ஏற்றிவிடுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

நான் விடுவது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு. ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் தேவைப்பட்டால் கெடாமலிருக்கப் போடும் ரசாயனம் கலக்காததாகக் கேளுங்கள், அந்த ரசாயனமே காய்ந்த கண்ணை எரிக்கும். சாதாரணப் பாட்டில் என்றால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ஒரு மாதம் ஆனதும் மீதி இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். மண் கையோடு மூடியைத் திறக்க வேண்டாம்.