ஓட்டுப் போட்டு ஒரு சாம்பியன்

அமெரிக்காவுல காலேஜ் ஃபுட்பால்னு ஒண்ணு இருக்கு. நம்ம கால்பந்து இல்லீங்க, நீள்வட்டப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்களே, அது. மேல்மட்டத்துலயே 130-க்கும் மேல டீம், ஆனா பிளே ஆஃபுக்கு முன்னாடி ஆளுக்குப் பன்னெண்டு, பதிமூணு மேட்ச்தான். அப்ப யாரு நம்பர் ஒண்ணு? பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போடுவாங்க! ஏ.பி. பட்டியல் 1936-லேர்ந்து வருது. முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்ததுக்கு 24, இப்படி. கோச்சுகளுக்குத் தனி ஓட்டு. 1997 சீசன்ல பத்திரிகைக்காரங்க மிச்சிகன்னாங்க, கோச்சுகள் நெப்ராஸ்கான்னாங்க. ரெண்டும் சாம்பியன், ரெண்டும் மோதிக்கவே இல்ல :-)

2014 சீசன்லேர்ந்து பிளே ஆஃப் வந்தாச்சு. ஆனா உள்ளே நுழைய கமிட்டி மனசு வைக்கணும். 2023-ல 13 மேட்சும் ஜெயிச்ச ஃபுளோரிடா ஸ்டேட்டை முதல் நாலுல சேர்க்கல. முக்கிய ஆட்டக்காரர் காயமாம்!

ரொம்ப சிரிக்காதீங்க. நம்ம ரஞ்சியில ஓட்டு இல்ல, ஆனா ஃபைனல் டிரா ஆனா முதல் இன்னிங்ஸ்ல கூட அடிச்சவங்களுக்குக் கோப்பை. 2012 ஜனவரியில சேப்பாக்கத்துல ராஜஸ்தான் 621, நம்மாளுங்க 295. மேட்ச் டிரா, கோப்பை அவங்களுக்கு. 2025-ல கேரளா காலிறுதியில 1 ரன், அரையிறுதியில 2 ரன் முன்னிலையை வச்சே ஃபைனலுக்குப் போச்சு. அங்க 37 ரன் பின்தங்கி விதர்பாகிட்ட கோப்பையை விட்டுச்சு. நத்தம் என்.பி.ஆர். காலேஜ் கிரவுண்டுலயும் ரஞ்சி நடந்திருக்கு. அங்க வெயில்ல உக்காந்து பார்க்கறவனுக்கு இந்த முன்னிலைக் கணக்கு எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

கொடுமையான விதிதான். ஆனாலும் நான் அதுக்கு ஓட்டுப் போடுவேன். ஏன்னா எங்க பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமெண்ட் ஒண்ணுல ஃபைனல், கடைசி ஓவர், 9 ரன் வேணும், இருட்டிருச்சு. கமிட்டி அஞ்சு பேர் கையைத் தூக்கி முடிவு பண்ணாங்க. மூணு பேர் எதிர் டீம் ஊர்க்காரங்க. எங்களுக்கு ரெண்டாம் பரிசு குத்துவிளக்கு. ஆட்டத்துல தோத்திருந்தா மறுநாளே மறந்திருப்பேன். கை தூக்கித் தோக்கடிச்சது இன்னும் உறுத்துது.

விதி மோசமா இருக்கலாம், ஆனா டாஸ் போடறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஆடி முடிச்சப்புறம் அடுத்தவன் மனசுல இருக்கறது விதியாகக் கூடாது.

2024-ல அஷ்வின் தலைமையில நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ், கோவையை 6 விக்கெட்ல ஜெயிச்சு முதல்தடவை டி.என்.பி.எல். கோப்பையைத் தூக்குச்சு. யாரும் யாரையும் கேக்கல, ஸ்கோர்போர்டே சொல்லிருச்சு. அந்த சுகம் ஓட்டுல வருமா? நீங்களே சொல்லுங்க மக்கா.