குழாய்ச் சத்தம்

விடியற்காலை நாலரை மணி சுமாருக்கு ஒரே ஒரு அடி. இரும்பில் சுத்தியலை ஓங்கிப் போட்டதுபோல. குளியலறைச் சுவர் அதிரும். பிறகு ஒன்றுமில்லை. மேற்கு மாம்பலத்தில் இந்தப் பழைய மூன்று மாடிக் கட்டிடத்துக்குக் குடிவந்த இரண்டாம் மாதத்தில் இதைக் கவனித்தேன். மூன்றாம் மாதத்திலேயே காரணம் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம் எது என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை.

நேர் மேலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாக இருக்கிறார். நாலு மணிக்கு எழுந்து குளிக்கிறவர். குழாய் திறப்பதும் வாளி நகர்வதும் கேட்கும். இரண்டையும் முடிச்சுப் போட அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒருநாள் படியேறிப் போனேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், ‘யாரையும் தூங்கவிடக் கூடாது என்றிருக்கிறீர்களா?’ என்று முடிந்தது. அவர் வாதாடவில்லை. “பார்த்துக்கறேன் சார்” என்றார்.

சத்தம் நிற்கவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று தீர்மானித்தேன். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏறத்தாழ ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. இருபது வருஷமாகப் பிறர் எழுத்தைப் பற்றி அபிப்ராயம் சொல்லி வருகிறவன் நான். பிரதியில் இல்லாததை ஆசிரியன் தலையில் கட்டாதே என்று இளைஞர்களுக்குப் புத்தி சொன்னதும் உண்டு.

பிளம்பர் வந்தது வேறு சத்தத்துக்காக. சமையலறைக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் ஊளையிடும்; முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும். உள்ளே வாஷர் தேய்ந்து தளர்ந்து, நீர் போகும் இடுக்கில் துடிக்கிறதாம். ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். அவரிடம் நாலரை மணி அடியைப் பற்றிச் சொன்னேன், மேல்வீட்டுக்காரரையும் சேர்த்து. அவர் மேலே போகவில்லை. கீழே போய் வாட்ச்மேனிடம் மோட்டார் எப்போது நிற்கும் என்று விசாரித்தார். நாலு மணிக்குப் போட்டு, தொட்டி நிரம்பியதும், நாலரைக்கு, நிறுத்துவானாம். ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கிய மோட்டார். அது ஓடுவது யாருக்கும் கேட்காது.

“மேல யாரும் அடிக்கல சார். கீழ என்.ஆர்.வி. போயிடுச்சு.”

ஏறிய நீர் திரும்பி இறங்காதபடி தடுக்கும் வால்வு அது. உள்ளே கீலில் தொங்கும் ஒரு தகடு. மோட்டார் நின்றதும் மேலே போய்க்கொண்டிருக்கும் நீர்த்தம்பம் ஒரு கணம் நின்று திரும்பும். நிற்கிற அந்தக் கணத்தில் தகடு மூடிவிட வேண்டும். கீல் தேய்ந்தால் தாமதமாகிறது. அதற்குள் நீர் இறங்கத் தொடங்கி, தகட்டைத் தானே அறைந்து சாத்துகிறது. ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதனை செய்து 1898இல் எழுதியவர் ஜுகோவ்ஸ்கி. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் நீர் இரும்புக் குழாயில் சட்டென்று நின்றால், அழுத்தம் ஏறக்குறைய 12 வளிமண்டல அளவுக்கு எகிறும். எங்கள் மொட்டைமாடித் தொட்டி கீழ்வீட்டுக் குழாய்க்குத் தருவது ஒன்றுக்குச் சற்று மேல். எங்கள் வால்வில் நீர் அதில் பாதி வேகத்தில் திரும்பியிருந்தாலும் போதும், சுவர் அதிர. இதே அடியை வைத்து, மின்சாரமோ எஞ்சினோ இல்லாமல் நீரை மேட்டுக்கு ஏற்றும் பம்பைப் பிரான்ஸில் மோன்கோல்ஃபியே 1796இல் செய்தார், பலூன் சகோதரர்களில் மூத்தவர். எனக்கு அது தூக்கத்தைக் கெடுக்க மட்டும் பயன்பட்டது.

அடி விழுவது கீழே, தரை மட்டத்தில். அது குழாய் வழியே ஏறி, கிளாம்ப் கழன்று குழாய் சுவரில் மோதும் இடத்தில்தான் இவ்வளவு பெரிய சத்தமாகிறது. கிளாம்ப் கழன்றிருந்தது என் குளியலறைச் சுவரில்.

மேலே மூடிய ஒரு துண்டுக் குழாயைச் செங்குத்தாக வைத்து, உள்ளிருக்கும் காற்றை மெத்தையாக்கலாம் என்று பக்கத்து வீட்டு நண்பர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் காற்று நாளடைவில் நீரில் கரைந்துவிடும்; அவ்வப்போது குழாயை வடியவிட்டு நிரப்ப வேண்டும். எங்கள் கட்டிடத்தில் அதை யார் செய்யப்போகிறார்கள்? நீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த வால்வைப் பொருத்தினோம். கிளாம்புக்கு அடியில் ரப்பர் வைத்து முடுக்கினார். மறுநாள் சத்தம் இல்லை.

இதைச் சொல்ல மேலே போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்த பிறகுதான். அவர் குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு வாளிகள், நிரம்பி, தட்டு போட்டு மூடியிருந்தன. நான் சண்டை போட்ட நாளிலிருந்து முந்தின ராத்திரியே பிடித்து வைத்துக்கொள்கிறாராம். ஆறு மணிக்கு முன் குழாயைத் தொடுவதில்லையாம். மார்கழியிலும் ராத்திரி பிடித்த அந்தத் தண்ணீரில்தான் குளித்திருக்கிறார். குழாய் திறக்கும் சத்தம் நின்று ஒரு வருஷமாகியிருக்கிறது. நான் அடியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ வால்வுதானா சார்?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு விழித்துப் படுத்திருந்தேன். மேலே குழாய் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. படியில் பார்த்தபோது கேட்டேன். பழகிவிட்டது என்றார்.