நியூட்டனுக்கும் ஷ்ரோடிங்கருக்கும் நடுவே

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் குடியிருந்துகொண்டு, பகலில் வேதியியல் ஆய்வக வேலை, மாலையில் இயற்பியல் முதுநிலைப் படிப்பு என்று முடிவெடுத்தேன். மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒன்றுதான் கேட்டார்: "படிச்சா சம்பளம் ஏறுமா தம்பி?" ஏறாது. ஊரிலிருந்து அம்மாவும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் நீட்டி.

தைரியம் சொன்னவர்களோ பெரிய பெயர்களாக எடுத்துவிட்டார்கள். ஜி.என்.ராமச்சந்திரன் 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, பிறகு சி.வி.ராமனின் இயற்பியல் துறைக்கு மாறியவர். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே அவர் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர். போனவர் வீடு திரும்பினார், அவ்வளவுதான். வரலாறு படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்த எட்வர்ட் விட்டனை விட்டுவிடுவோம். மேதைகளிடம் வழி கேட்டால் நமக்கு நடக்கக் கால் போதாது.

எனக்கு ஒத்துவந்தவர் எதிர்த்திசையில் போனவர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1976இல் ஓஹையோவில் இயற்பியல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு, உயிரியல் கற்க சான் டியாகோவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்தார். 2009இல் வந்த நோபல் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் பட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடிப்படைப் பாடம் கேட்ட அந்த இரண்டு ஆண்டுகள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

குவாண்டம்தான் என்னைப் படுத்தும் என்று எதிர்பார்த்தேன். அது அவ்வளவு படுத்தவில்லை. எஸ், பி, டி ஆர்பிட்டால்களை வேதியியல்காரன் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். கால் தடுக்கியது அதற்கு முந்தைய படியில். நாங்கள் படித்த வேதியியல் பாடத்திட்டம் நியூட்டனிலிருந்து 1926ஆம் ஆண்டு ஷ்ரோடிங்கரிடம் ஒரே தாவாகத் தாவிவிடும். லக்ராஞ்ச் 1788இல் வெளியிட்ட இயக்கவியலும், ஹாமில்டன் 1830களில் எழுதியதும் நடுவே காணாமல் போய்விடும். ஹாமில்டோனியன் என்று பட்டப்படிப்பு முழுக்க எழுதியிருக்கிறேன். அது ஏன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஊசலாடும் குண்டையே எடுத்துக்கொள்ளலாம். நியூட்டன் வழியில் போனால் ஈர்ப்பு, கயிற்றின் இழுவிசை எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுப் பிரிக்க வேண்டும். லக்ராஞ்ச் வழியில் இயக்க ஆற்றலிலிருந்து நிலையாற்றலைக் கழித்து, ஒரே ஒரு கோணத்தில் எழுதினால் போதும். கயிறு கணக்கிலேயே வராது. இன்னும் ஒரு படி மேலே: ஒரு கோணம் அந்தக் கோவையில் தலைகாட்டவே இல்லையென்றால் அதற்குரிய கோண உந்தம் மாறாது. எஸ், பி, டி என்று நான் வடிவமாக மனப்பாடம் செய்தவை கோண உந்தத்தின் 0, 1, 2 என்பது அப்போதுதான் உறைத்தது. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, ஹார்பர்ஃபிரண்டில் வட்டப்பாதைக்கு மாறி, வகுப்புக்காகக் கென்ட் ரிட்ஜ் போய்ச் சேரும்வரை கோல்ட்ஸ்டீனின் இயக்கவியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இதையே மென்றுகொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் நடக்கவே இடம் இருக்காது. அன்றைக்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம்.

சின்னத் தொல்லைகளும் உண்டு. அமைப்பின் மேல் செய்யப்படும் வேலைக்கு வேதியியல் நூல்கள் கூட்டல் குறி போடும். இயற்பியல் நூல்கள் பலவற்றில் அமைப்பு செய்யும் வேலைக்குத்தான் கூட்டல். பழகிய கை கேட்பதில்லை.

புள்ளியியல் இயக்கவியல் வகுப்பில் மட்டும் நிலைமை தலைகீழ். கெமிக்கல் பொட்டன்ஷியல் வந்ததும் இயற்பியல் பிள்ளைகள் முழிக்கிறார்கள். வெப்பம் எந்தப் பக்கம் பாயும் என்று வெப்பநிலை சொல்வதுபோல, துகள் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் எண் அது. கரைசல்களோடு மல்லுக்கட்டியவனுக்கு அன்றாடச் சமாச்சாரம். இடைவேளையில் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பதிலுக்கு கிரீன் சார்பு சொல்லித் தரச்சொல்லிக் கறாராகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அடுத்த பருவம் மின்னியக்கவியல். ஜாக்சன் புத்தகத்தின் கனத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பருவத்துக்கு அந்த ஒரு பாடம் போதும் என்று பதிந்திருக்கிறேன்.