தாழ்ப்பாள்

சென்ற பிப்ரவரியில் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துக்கொண்டு போய் வந்தேன். வங்கியில் நாலு வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கும் எல்.எஃப்.சி. காலாவதியாகிவிடும் நிலையில் இருந்தது. இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சில வருஷங்களாக இதுபோன்ற பக்கங்களில் தனிமை என்ற சொல்லை நான் தாராளமாகச் செலவழித்திருக்கிறேன். நவீன கவிதை தனி மனிதனின் அறையில் பிறப்பது, பொது என்பது கோஷங்களின் இடம் என்ற தோரணையில். அந்தச் செலவுக்கு இப்போது கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

பிரயாண ஏற்பாட்டைத் தொழிலாகக் கொண்ட வாடிக்கையாளர் ஒருவர் என் கவுண்ட்டருக்கு வருவார். நான் லீவு போடுவதைக் கேட்டதும், "பொது வண்டியில எதுக்கு சார் கஷ்டப்படறீங்க? இப்பதான் தனியார் ரயில் வந்துடுச்சே" என்றார். அவர் சொன்னது முழுக்கப் பொய்யில்லை. 2021 நவம்பரில் ரயில்வே 'பாரத் கௌரவ்' என்று ஒரு திட்டம் அறிவித்தது. பெட்டிகளையும் பாதையையும் ரயில்வேயிடமிருந்து வாடகைக்கு எடுத்து, கட்டணத்தைத் தானே வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் வண்டி விடலாம். டிரைவரும் கார்டும் ரயில்வேக்காரர்கள். சாப்பாடும் துப்புரவும் உபசாரமும் நிறுவனத்துடையவை. அதன் முதல் வண்டி 2022 ஜூன் 14-ல் கோயம்புத்தூர் வடக்கிலிருந்து சாயிநகர் ஷீரடிக்குக் கிளம்பியது. அதற்கும் முன்னால், கொரோனாவில் வழக்கமான மலை ரயில் நின்றிருந்த 2020 டிசம்பரில், நீலகிரி மலை ரயிலையே ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்து ஓட்ட, மலை ரயிலை விற்றுவிட்டார்கள் என்று கூச்சல் கிளம்பி, விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டோம் என்று ரயில்வே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது.

ஆனால் சென்னையிலிருந்து ராத்திரி படுத்துக் காலையில் மலையடிவாரத்தில் எழுந்திருக்க அப்படி ஒரு தனியார் வண்டி தினமும் கிடையாது. இருப்பது நீலகிரி எக்ஸ்பிரஸ், பழைய ஆட்கள் வாயில் புளூ மௌண்டன். அதன் முதல் வகுப்பு ஏ.ஸி.யில் இரண்டு பெர்த்தும் கதவும் தாழ்ப்பாளும் கொண்ட கூபே உண்டு. எனக்கு உரிய வகுப்புக்கு மேலான பணத்தைக் கையிலிருந்து போட்டு அதை வாங்கினேன். தனியார் ரயில் இல்லாவிட்டால் தனி அறையாவது.

தனியார் என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ, அவர்களுக்கு நகைச்சுவை இருந்திருக்க வேண்டும். தனியாக இருப்பவருக்கு ஒரு 'ஆர்' போட்டு மரியாதை செய்திருக்கிறோம். பொதுவுக்கு அந்த மரியாதை இல்லை. ஆங்கிலம் படித்தவனுக்கு இன்னொன்றும் உறுத்தும். 'பிரைவேட்' என்ற சொல்லின் லத்தீன் வேர் இழப்பைக் குறிப்பது. பொதுக் காரியத்தில் பங்கு இழந்தவன்தான் முதலில் பிரைவேட். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அர்த்தம் என்னிடம் வந்துசேரப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

நாங்கள் இருப்பது பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடி. அங்கிருந்து சென்ட்ரலுக்கு, மெட்ரோவுக்காக எழுப்பிய தூண்களின் அடியில் கொஞ்ச தூரம் போய், பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். அடுத்த நிறுத்தம் குமணன்சாவடி, அதற்கடுத்து வேலப்பன்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் ராத்தங்கும் பொது இடம். பட்டணத்துக்கு நடந்தும் வண்டி கட்டியும் போனவர்கள் மூட்டையைத் தலைக்கு வைத்து, முன்பின் தெரியாதவர்களோடு வரிசையாகப் படுத்திருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பெயரை விலாசமாக எழுதிவருகிறேன். அதைப் படித்துப் பார்த்தது அன்று டாக்ஸியில்தான்.

கூபே நன்றாகவே இருந்தது. வெளுத்த படுக்கை விரிப்பு, சின்ன மேஜை, கண்ணாடி. அம்மா கீழே உட்கார்ந்து, கையைப் பக்கத்தில் ஊன்றிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ இடமா?" என்றாள். வண்டி பேஸின் பிரிட்ஜ் தாண்டியது. பரிசோதகர் வந்து போனார். அட்டெண்டர் எட்டிப் பார்த்து, "உள்தாழ்ப்பாள் போட்டுக்குங்க சார், யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க" என்றார். போட்டேன். வண்டிச் சத்தமும் பாதியாகக் குறைந்தது. ஆவடியைக் கடந்தபோது அம்மா ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். எங்கள் இருவரின் முகமும்தான் அதில் தெரிந்தது.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. வீட்டில் இருக்கும்போது இது தெரிவதில்லை. டி.வி. இருக்கிறது, காய்காரர் வருகிறார், பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார். ஆறடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டபோது, அப்பா போனபின் நாங்கள் இரண்டு பேரும் எதைப் பேசாமல் இருந்தோமோ அது மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டது. விளக்கை அணைத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தேன். கீழே அம்மா புரளும் சத்தம் கேட்டது. அரக்கோணம் தாண்டியபின் சொன்னாள்:

"கதவத் திறந்து வைடா."

"எதுக்கும்மா? குளிரா இருக்கா?"

"குளிரெல்லாம் இல்ல. யாராச்சும் நடமாடற சத்தம் கேட்டாத் தேவல."

மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். முதல் இரண்டு நாள் ஆறு கட்டில் போட்ட வார்டில் இருந்தார். வங்கி இன்ஷூரன்ஸில் தனி அறைக்கு எனக்குத் தகுதி இருந்தது, காலியானதும் மாற்றினேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "அங்கயே இருந்திருக்கலாமேடா. எதிர்க் கட்டில்காரன் திருநின்றவூர். என்னமாச்சும் பேசிக்கிட்டே இருப்பான்" என்றார். தொற்று, அமைதி, ஓய்வு என்று காரணங்கள் சொன்னேன். உண்மையான காரணம், அந்த எதிர்க் கட்டில்காரரின் பேச்சு எனக்கு இடைஞ்சலாக இருந்தது. ஒரு கட்டுரையின் புரூஃப் கையில் இருந்தது. நண்பர்கள் சிலர் அதைப் படித்திருக்கலாம், தனிமையைப் பற்றியதுதான். மூன்றாம் நாள் ராத்திரி புரூஃபை முடித்துவிட்டுத் துணையாள் கட்டிலில் தூங்கிப்போனேன். நாலரை மணிக்கு நர்ஸ் வந்து எழுப்பியபோது அப்பா போய்ச் சில மணி நேரம் ஆகியிருந்தது. யார் விழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் வார்டில் ஆறு பேரில் ஒருவராவது விழித்திருப்பார்.

அம்மா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பின்னும் சொல்லவில்லை. அரக்கோணத்துக்கு அப்பால்தான் முதல் தடவையாக ஒரு கதவைப் பற்றிப் பேசினாள். இறங்கித் தாழ்ப்பாளை எடுத்து, கதவை ஒரு முழம் தள்ளிவைத்தேன். நடைபாதை வெளிச்சம் ஒரு கோடாக அவள் காலில் விழுந்தது. யாரோ இருமிக்கொண்டு போனார்கள்.

பிறகு பேசினாள். அப்பாவுக்கு முதல் வேலை அருவங்காடு வெடிமருந்து ஃபாக்டரியில். 1986-ல் ஆவடி டாங்க் ஃபாக்டரிக்கு மாற்றல் கிடைத்து மலையிறங்கினார்கள். அப்போது அக்கா கைக்குழந்தை, நான் பிறக்கவில்லை. ரிசர்வேஷன் கிடைக்காமல் பொதுப் பெட்டியில் கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து வந்தார்களாம். அப்பா ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வந்திருக்கிறார். ஈரோட்டில் ஏறிய ஒரு பெண் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "நீ தூங்கு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றாளாம். "பேருகூடக் கேக்கல. நானும் தூங்கிட்டேன். பெத்த புள்ளைய யாருகிட்டயோ குடுத்துட்டு எப்படித்தான் தூங்கினேனோ" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சிறிது நேரத்தில் தூங்கிப்போனாள்.

இதை வைத்துக்கொண்டு, பழைய பொது ரயில் புண்ணியம், புதிய தனியார் ரயில் பாவம் என்று முடிவுகட்டுவது எனக்குச் சுலபம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறியதும் அந்தச் சுலபம் போய்விட்டது. மேட்டுப்பாளையம்வரை ரயில் வந்தது 1873-ல். மேலே போக 1885-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1891-ல் வேலை துவங்கி, 1894-ல் அந்தக் கம்பெனி முழுகிப்போக, 1896-ல் இன்னொரு கம்பெனி பாதையை வாங்கி, 1899-ல் குன்னூர்வரை வண்டி ஓடியது. 1903-ல்தான் அரசாங்கம் அதை வாங்கியது. உதகமண்டலம் போய்ச் சேர்ந்தது 1908-ல். ஆக, நாம் 2005-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்று கொண்டாடும் பாதை, பிறப்பில் தனியார் பாதை. வெயில் தாளாமல் கோடை தோறும் மலையேறிய மதராஸ் அரசாங்கத்தின் துரைமார்களுக்காகவே போட்டது. அப்பாவைப் போன்றவர்கள் அதில் ஏறியது பிற்பாடு, கூட்டத்தோடு கூட்டமாக. பொது என்பது யாரும் திட்டம் போட்டுக் கட்டியதல்ல. தனியாருக்கென்று கட்டியதற்குள் ஜனங்கள் மூட்டையோடு நுழைந்துவிடுவதால் உண்டாவது. அதனால்தான் திரும்ப வாடகைக்கு விடுவதும் அவ்வளவு எளிதாக இருக்கிறது.

2021 அக்டோபர் 1-ல் ராணுவத் தளவாட ஃபாக்டரிகள் ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அப்பா வேலை பார்த்த இரண்டும் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளுக்குப் போயின. அப்பா அப்போது ஓய்வுபெற்றிருந்தார். பேப்பரை மடித்துவைத்து, "அரசாங்கக் கம்பெனிதானே" என்று மட்டும் சொன்னார். அதில் சமாதானம் இருந்ததா, கேலி இருந்ததா என்று அப்போது நான் கேட்டிருக்கலாம்.

மலை ரயிலில் கூபே கிடையாது. முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டங்கள் துவங்குகின்றன. எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. சில இடங்களில் 12.5 அடிக்கு 1 அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அதை நம்பி வண்டி மேலே போகிறது. அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் திருச்சூர்க்காரர். இருவருக்கும் பொதுவாக முப்பது வார்த்தைகள்கூட இருந்திருக்காது. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்குள் மூட்டுவலி, மருமகள், தேங்காய் எண்ணெய் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

அருவங்காட்டில் இறங்கவில்லை. இறங்கினாலும் ஃபாக்டரிக்குள் விடமாட்டார்கள். வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து நின்று மரங்களுக்கிடையே எதையோ தேடினாள். "அந்தப் பக்கம்தான் குவார்ட்டர்ஸ்" என்று திருச்சூர் அம்மாளிடம் சொன்னாள், என்னிடம் அல்ல. அவர் தலையாட்டி, அம்மாவின் புடவைத் தலைப்பு ஜன்னலில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டார். பிறகு அம்மா, "அவரு தனியா இருக்கவே மாட்டாரு. வீட்ல எப்பவும் நாலு பேரு" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனிமை இல்லாமல் எழுத முடியாது என்பதை இப்போதும் நம்புகிறேன். இந்தக் கட்டுரையையே மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் நான் இதுவரை தனிமை என்று எழுதிய இடங்களில் பாதியில் தாழ்ப்பாள் என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்று வந்து சேர்வது. மற்றது காசு கொடுத்து வாங்குவது, அதிலும் பெரும்பாலும் அடுத்தவரின் ராத்திரியையும் சேர்த்து.

திரும்பும்போது கோயம்புத்தூரிலிருந்து வேறொரு வண்டியில், சாதாரண ஸ்லீப்பரில் வந்தோம். அம்மாவின் யோசனை. சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். டிக்கெட் உறுதியாகாதவர்கள் நடையில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் சேலம்வரை போனில் சண்டை போட்டார். காலையில் சென்ட்ரலில் என் செருப்பைக் காணவில்லை. நடுராத்திரி விழிப்பு வந்து கீழே பார்த்தேன். நடையில் படுத்திருந்தவர்களில் ஓர் ஆள், கூலி வேலைக்காரர் போலிருந்தார், எழுந்து உட்கார்ந்து, அம்மாவின் மேலிருந்து நழுவி விழுந்த போர்வையை எடுத்து அவள் கால்மேல் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். நான் இறங்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.